குகையும் கிணறும்: பாறை இடுக்குகளின் விலங்குலகம்

கேரளத்தின் கோட்டயம் வட்டாரத்தில் கிணற்று நீர் சேந்தும்போது எப்போதாவது வாளியோடு ஒரு மீன் மேலே வந்துவிடும். சுண்டுவிரல் நீளம்கூட இராது, நாலு சென்டிமீட்டர்தான். உடல் முழுக்க ரத்தச் சிவப்பு. தோலில் நிறமி இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறமே வெளியே தெரிகிறது. வாயைச் சுற்றி மீசைகள் உண்டு. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்தான் இருக்கும். கெளுத்தி வகையைச் சேர்ந்த இந்த மீனை 1950இல் மேனன் என்ற விலங்கியலாளர் ஹோராகிளானிஸ் கிருஷ்ணாயி என்று பெயரிட்டு விவரித்தார்.

அந்தக் கிணற்றுக்கு ஆற்றோடும் குளத்தோடும் தொடர்பு கிடையாது. மீன்குஞ்சை யாரும் கொண்டுவந்து விட்டதில்லை. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாகக் கசிந்து சேருவதுதான் கிணற்று நீர். அப்படியானால் மீன் எங்கிருந்து வந்தது? வெயிலே படாத இடத்தில் எதைத் தின்று வளர்ந்தது? கண் எப்படிப் போயிற்று?

முதல் கேள்விக்கு விடை எளிது. மீன் கிணற்றில் வாழவில்லை. கிணற்றைச் சுற்றியுள்ள பாறைக்குள் வாழ்கிறது. கிணறு என்பது அந்த வாழிடத்தை மனிதர் குறுக்கே வெட்டிய ஒரு துளை, அவ்வளவுதான். கேரளத்தின் இடைநாட்டில் பரந்து கிடப்பது லேட்டரைட் என்னும் செம்பூராங்கல். அங்கே அதை வெட்டுக்கல் என்பார்கள். கனமழையும் வெப்பமும் சேர்ந்து, அடியிலுள்ள பாறையிலிருந்து கரையக்கூடியவற்றை எல்லாம் பல லட்சம் ஆண்டுகளாகக் கரைத்து எடுத்துவிட, இரும்பும் அலுமினியமும் மிகுந்த எச்சம் மட்டும் நிற்கும். புதிதாகத் தோண்டும்போது கோடரியால் வெட்டலாம். காற்றுப் பட்டால் இறுகிவிடும். வெட்டிய கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் உள்ளே புழு குடைந்தது போன்ற குழல்களும் பொந்துகளும் தெரியும். நிலத்தின் அடியில் அவை ஒன்றோடொன்று இணைந்து நீர் நிறைந்து கிடக்கின்றன. சிவப்பு மீனின் ஊர் அதுதான்.

நிலத்தடி விலங்குகள் என்றதும் நினைவுக்கு வருவது குகைதான். ஆனால் குகை என்பது மனிதர் நுழையக்கூடிய அளவுள்ள வெற்றிடத்துக்கு மனிதர் வைத்த பெயர். ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டுக்கோ இறாலுக்கோ அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. சுண்ணாம்புப் பாறையில் ஒரு பெருங்குகை இருந்தால், அதைச் சுற்றி விரல் நுழையும் பிளவுகளும் நூல் நுழையும் விரிசல்களும் கிலோமீட்டர் கணக்கில் பரவியிருக்கும். குகைக்குள் மட்டும் தேடிவிட்டு நிலத்தடி உயிர்களைக் கணக்கிடுவது, தேரோடும் வீதியை மட்டும் சுற்றி வந்து ஊரின் மக்கள்தொகையைச் சொல்வதற்குச் சமம். குடிகளில் பெரும்பாலோர் இருப்பது சந்துகளில். ஆற்றுமணலின் அடியில் மணல்துகள்களுக்கு இடையேயான வெளி, மலைச்சரிவுச் சரளையின் இடுக்கு, எரிமலைக் குழம்பு ஆறிய பாறையின் துளைகள், செம்பூராங்கல்லின் குழல்கள் எல்லாமே இந்தச் சந்துகளில் சேரும். உலகில் உறையாமல் திரவமாக இருக்கும் நன்னீரில் மிகப் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது. ஆறுகளும் ஏரிகளும் சேர்ந்தாலும் அதன் அருகே வராது.

குகையில் காணப்படும் விலங்குகள் எல்லாம் ஒரே வகையல்ல. வௌவால் பகலில் உறங்கக் குகைக்கு வருகிறது. இரைக்கு வெளியேதான் போக வேண்டும். அது விருந்தாளி. சில சிலந்திகளும் வெட்டுக்கிளிகளும் குகையிலேயே பிறந்து இறந்தாலும், வெளியே ஈரமான இடம் கிடைத்தால் அங்கும் வாழும். மூன்றாம் வகை நிலத்தடியை விட்டு வெளியே வாழவே முடியாதவை. இவற்றில் நிலத்தில் நடமாடுபவற்றைக் குகைவாழிகள் என்றும், நீரில் வாழ்பவற்றை அடிநீர்வாழிகள் என்றும் சொல்லலாம். இந்தப் பாகுபாட்டின் முதல் வடிவம் 1854இல் ஷீனர் என்ற ஆஸ்திரிய அறிஞரிடமிருந்து வந்தது. அதைச் செப்பனிட்டு ஒரு துறையாகவே ஆக்கியவர் ருமேனியாவின் எமில் ரக்கோவிட்சா. பெல்ஜிக்கா கப்பலில் தென்துருவப் பயணம் போய்வந்த கடலுயிர் ஆய்வாளர் அவர். 1904இல் மயோர்க்கா தீவின் குகை ஒன்றில் கண்ணில்லாத ஓர் ஓட்டுயிரைப் பார்த்தபின் கடலை விட்டுவிட்டுக் குகைப் பக்கம் வந்துவிட்டார். 1907இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரைதான் இத்துறையின் அடித்தளம். 1920இல் க்ளூஷ் நகரில் அவர் தொடங்கிய குகையியல் நிறுவனமே உலகில் அவ்வகையில் முதலாவது.

ஆனால் மனிதர் இந்த விலங்குகளைப் பார்த்தது அதற்கு வெகு முன்பே. இன்றைய ஸ்லோவேனியாவில் பெருமழைக்குப் பின் ஊற்றுகள் பொங்கும்போது வெளிறிய, பாம்பு போன்ற ஓர் உயிர் அடித்துக்கொண்டு வரப்படும். அதை டிராகனின் குட்டி என்று ஊரார் நம்பியதை வால்வசோர் 1689இல் தம் நூலில் பதிவு செய்தார். 1768இல் லாரென்டி அதற்குப் புரோட்டியஸ் ஆங்குயினஸ் என்று அறிவியல் பெயர் வைத்தார். தவளைக்கும் தேரைக்கும் உறவான நீர்நில வாழ்வி அது. வளர்ந்தபின்னும் தலையின் இருபுறமும் செந்நிறச் செவுள்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஆனாலும் அது ஆழத்திலேயே நிரந்தரமாக வாழ்கிறது என்ற எண்ணம் உறுதிப்பட நாளானது. 1831இல் போஸ்தோய்னா குகையில் விளக்கேற்றும் வேலையில் இருந்த லூக்கா சேச் ஒரு விசித்திர வண்டைப் பிடித்தார்: குச்சிக் கால்கள், உப்பிய பளபளப்பான வயிறு, கண் கிடையாது. மறு ஆண்டு ஷ்மிட் அதை லெப்டோடைரஸ் என்று விவரித்ததும் ஐரோப்பிய வண்டு சேகரிப்பாளர்கள் குகைகளுக்குப் படையெடுத்தார்கள். அந்த ஒரு குகைத் தொகுதியிலிருந்து மட்டும் இன்றுவரை 100க்கும் மேற்பட்ட குகைவாழி, அடிநீர்வாழி இனங்கள் கிடைத்துள்ளன.

குகைகள் இல்லாத ஊர்களில் கிணறுகள்தான் வழி. 1882இல் பிராக் நகரக் கிணற்று நீரை ஆராய்ந்த வெய்டோவ்ஸ்கி, புழு போல நீண்ட, கண்ணற்ற சிறு ஓட்டுயிர் ஒன்றை விவரித்தார். பேத்தினெல்லா என்ற அதன் பெயரைத் தாங்கும் கூட்டம் இன்று உலகெங்கும் மணல் இடுக்குகளில் அறியப்பட்டிருக்கிறது. ஆந்திரத்தின் கிணறுகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் அதன் உறவினங்கள் உண்டு. 1895இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் ஊரில் மீன் பண்ணைக்காகத் துளையிட்ட ஊற்றுக்கிணறு தண்ணீரோடு கண்ணற்ற வெள்ளை சலமாண்டர்களைக் கக்கியது. அருகே சான் அந்தோனியோவில் 300 மீட்டருக்கும் ஆழமான ஆழ்துளைகளிலிருந்து கண்ணற்ற இரண்டு கெளுத்தி இனங்கள் வந்தன. அந்த மீன்களை அவற்றின் வாழிடத்தில் பார்த்தவர் யாருமில்லை. அங்கே போக வழியே கிடையாது.

இனி, இரண்டாம் கேள்வி: சாப்பாடு. தாவரங்கள் சூரிய ஒளியால் சமைப்பதைத்தான் நிலத்தின்மேல் எல்லா விலங்கும் நேராகவோ சுற்றியோ உண்கிறது. இருட்டில் தாவரம் இல்லை. எனவே மேலேயிருந்து என்ன இறங்கி வருகிறதோ அதுதான் உணவு: வெள்ளம் அடித்துவரும் சருகு, வௌவால் எச்சம், வேர்நுனிகள், மழைநீரில் கரைந்த மட்கு. மட்கைப் பாக்டீரியா தின்கிறது. பாக்டீரியாப் படலத்தைச் சிறு ஓட்டுயிர்கள் சுரண்டுகின்றன. அவற்றைப் பெரியவை பிடிக்கின்றன. ஒவ்வொரு படியிலும் கிடைப்பது கொஞ்சம். நிலத்தடி விலங்குகளின் வாழ்க்கையில் இருட்டைவிடப் பெரிய சக்தி பட்டினி என்றே சொல்லலாம்.

புரோட்டியஸ் இதற்குத் தக்க சான்று. பிரான்சின் பிரனீஸ் மலையில் மூலிஸ் குகை ஆய்வகத்தில் அவற்றைப் பல பத்தாண்டுகளாக வளர்த்து வருகிறார்கள். அந்தப் பதிவேடுகளை 2011இல் அலசியபோது, பருவமடையப் பதினைந்து ஆண்டு, முட்டையிட்டபின் அடுத்த முறைக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை ஆண்டு, வளர்ந்த விலங்கின் சராசரி ஆயுள் 68 ஆண்டு, உச்ச ஆயுள் 100க்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். ஒரு சாண் நீளமும் இருபது கிராம் எடையும் உள்ள விலங்குக்கு இது நம்பமுடியாத ஆயுள். ஹெர்செகோவினாவின் குகைகளில் முக்குளிப்போர் தனித்தனி விலங்குகளை அடையாளமிட்டுப் பல ஆண்டு கண்காணித்தார்கள். பெரும்பாலானவை ஆண்டுக்குச் சில மீட்டருக்கு மேல் நகரவில்லை. ஒன்று 2,569 நாள், அதாவது ஏழு ஆண்டுக்கு மேல், அதே இடத்தில் இருந்தது. இரை தானாக வரும்வரை அசையாமல் இருப்பதே மிகச் சிக்கனமான வாழ்க்கை. 2016இல் போஸ்தோய்னா குகையின் காட்சித்தொட்டியில் ஒரு பெண் புரோட்டியஸ் 64 முட்டையிட்டு 21 குஞ்சுகள் பிழைத்தது உலகச் செய்தியானதன் காரணமும் இந்த நிதானம்தான்.

மேலிருந்து வரும் உணவு என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. 1986இல் ருமேனியாவின் கருங்கடற்கரையில் மங்காலியா அருகே மின்நிலையத்துக்கு இடம் பார்க்கத் தோண்டிய ஒரு குழி, வெளியுலகோடு வாசலே இல்லாத ஒரு குகைக்குள் திறந்தது. மொவிலே குகை என்று அதற்குப் பெயர். உள்ளே காற்றில் ஆக்சிஜன் மேலுள்ளதில் பாதி அளவுகூட இல்லாத பகுதிகள் உண்டு. கரியமில வாயு நூறு மடங்குக்கு அருகில். மீத்தேனும் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் கலந்திருக்கும். இருந்தும் சிலந்தி, நத்தை, அட்டை, பூரான், நீர்த்தேள் என்று ஏறத்தாழ ஐம்பது இனங்கள் அங்கே செழிக்கின்றன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை வேறெங்கும் இல்லாதவை.

அவை எதைத் தின்கின்றன என்பது கண்டுபிடிக்கப்பட்ட விதம் அழகானது. கார்பன் அணுக்களில் லேசானவையும் சற்றே கனமானவையும் உண்டு. உணவைத் தயாரிக்கும் உயிர் எந்த மூலத்திலிருந்து, எந்த வழியில் தயாரிக்கிறதோ அதற்கேற்ப இரண்டின் விகிதம் மாறும். அதைத் தின்னும் விலங்கின் உடலிலும் அந்த விகிதம் ஏறத்தாழ அப்படியே படியும். மொவிலே விலங்குகளின் திசுவை அளந்தபோது, வெளியேயுள்ள செடிகளின் விகிதத்தோடு அது ஒத்துப்போகவில்லை. குகை நீரின்மேல் ஆடையாக மிதக்கும் பாக்டீரியாப் படலத்தோடு ஒத்துப்போயிற்று. அந்தப் பாக்டீரியாக்கள் சல்பைடையும் மீத்தேனையும் ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, கிடைக்கும் ஆற்றலால் உணவு சமைக்கின்றன. ஒளிச்சேர்க்கைக்குப் பதில் வேதிச்சேர்க்கை. சர்பு, கேன், கிங்கிள் மூவரும் 1996இல் இதை வெளியிட்டார்கள். குகை எவ்வளவு இறுக மூடியிருந்தது என்பதற்கு இன்னொரு சான்று செர்னோபிலிலிருந்து வந்தது. 1986 விபத்தின் கதிரியக்கத் துகள்கள் சுற்றுவட்டார மண்ணிலும் ஏரிகளிலும் படிந்திருந்தன. குகைக்குள் அவற்றின் தடயமே இல்லை.

மூன்றாம் கேள்வி கண். பயன்படுத்தாத உறுப்பு தானாகத் தேய்ந்துவிடும் என்ற பதில் எவருக்கும் சட்டென்று தோன்றும். டார்வினே 1859இல் குகை விலங்குகளின் குருட்டுத்தன்மைக்கு உபயோகமின்மையைத்தான் காரணமாகச் சொன்னார். கண் இருப்பதால் இருட்டில் தீங்கு எதுவும் இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். இன்றைய மரபியலின்படி, ஒரு மீன் தன் வாழ்நாளில் கண்ணைப் பயன்படுத்தாததால் அதன் குஞ்சுக்குக் கண் சிறுத்துவிடாது. அப்படியானால் நடப்பது என்ன?

இதை ஆராய இயற்கையே ஒரு வசதியான மீனைத் தந்திருக்கிறது. மெக்சிக்கோவின் அஸ்டியானக்ஸ் மெக்சிகானஸ் ஆறுகளில் வெள்ளியாய் மினுங்கும், பெரிய கண்ணுள்ள சாதாரண மீன். அதே இனம் சியெரா டெ எல் ஆப்ரா பகுதியின் ஏறத்தாழ முப்பது குகைகளில் வெளிறிய இளஞ்சிவப்பில், கண்ணின்றி வாழ்கிறது. இரண்டையும் இணைத்தால் குஞ்சு பொரிக்கும். ஆக, கண்ணுள்ள வடிவத்தையும் அற்ற வடிவத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம், கலக்கலாம், அறுவை செய்தும் பார்க்கலாம்.

குகை மீனின் கருவைக் கவனித்தவர்கள் முதலில் வியந்தது அதற்குக் கண் தோன்றுவதைக் கண்டுதான். முட்டைக்குள் கண்கிண்ணமும் வில்லையும் உருவாகத் தொடங்குகின்றன. ஓரிரு நாளில் வில்லையின் உயிரணுக்கள் தாமாக மடிகின்றன. பிறகு கண்ணின் மற்றப் பாகங்களும் வளர்ச்சி குன்றி, தோலின் கீழே புதைந்துவிடுகின்றன. 2000இல் யமமோட்டோவும் ஜெஃப்ரியும் ஆற்று மீன் கருவிலிருந்து மயிரிழை அளவு வில்லையை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு பக்கத்தில் பொருத்தினார்கள். அந்தப் பக்கம் மட்டும் கண் வளர்ந்தது. தலைகீழாக மாற்றிச் செய்து பார்த்தபோது, குகை மீனின் வில்லையைப் பெற்ற ஆற்று மீனின் கண் தேய்ந்தது. கண்ணைக் கட்டும் மற்றப் பாகங்களின் திறன் குகை மீனில் அழியவில்லை என்பதும், வில்லையின் சாவுதான் மையக் கண்ணி என்பதும் தெளிவாயின.

வில்லை ஏன் சாகிறது? கருவின் நடுக்கோட்டில் சுரக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதச் சமிக்ஞை குகை மீனில் அகலமாகப் பரவுகிறது. அதன் விளைவாக வில்லை மடிகிறது. அதே சமிக்ஞையின் பெருக்கத்தால் தாடை அகல்கிறது, சுவைமொட்டுகள் பெருகுகின்றன. இருட்டில் இரை தேடும் மீனுக்குச் சுவையும் தொடுகையும் கண்ணைவிடப் பயன் தருபவை. ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெறும் பண்டமாற்று இது என்று ஆய்வாளர் பலர் கருதுவதற்கு அடிப்படை இந்தப் பரிசோதனைகளே.

கண்ணைச் சும்மா வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. விழித்திரை இருட்டில்கூட ஓயாமல் ஆற்றல் எரிக்கும் திசு. 2015இல் மோரனும் உடன் ஆய்ந்தவர்களும் அளந்தபோது, ஒரு கிராம் எடையுள்ள இளம் அஸ்டியானக்ஸில் கண்ணும் அதன் மூளைப்பகுதியும் சேர்ந்து ஓய்வுநிலை ஆற்றல் செலவில் சுமார் 15 விழுக்காட்டைத் தின்றது தெரிந்தது. வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும் குஞ்சுக்கு அது உயிர்போகும் செலவு. டார்வின் இங்கே சறுக்கினார் என்றுதான் சொல்ல வேண்டும்: தேவையற்ற கண் இருட்டில் தீங்கற்றதல்ல.

நிறமிழப்பு வேறு கதை. அதற்குக் காரணமான ஒகா2 என்ற மரபணு வெவ்வேறு குகைகளில் வெவ்வேறு இடத்தில் பழுதாகியிருக்கிறது. கண்ணிழப்பும் ஒரே முறை நிகழ்ந்ததல்ல. 2008இல் பொரோவ்ஸ்கி ஒரு குகையின் குருட்டு மீனை மற்றொரு குகையின் குருட்டு மீனோடு இணைத்தார். குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது! தாயிடம் பழுதான மரபணுவை ஈடுசெய்யத் தந்தையிடம் நல்ல படி இருந்தது, தந்தையிடம் பழுதானதற்குத் தாயிடம். இரு குகையின் மீன்களும் தனித்தனியே, வெவ்வேறு வழியில் குருடாயின என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

இந்தக் கடைசிச் செய்தி, நிலத்தடியில் ஏன் இத்தனை இனங்கள் என்பதற்கும் திறவுகோல். நிலத்தடி வாழிடம் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. ஒரு பாறைத்தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவே களிமண்ணோ கருங்கல்லோ இருந்தால், கண்ணும் சிறகும் இல்லாத விலங்கு அதைக் கடக்க முடியாது. பிரிந்தவை பிரிந்தபடியே காலப்போக்கில் தனி இனங்களாகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கார்ன் வறண்ட நிலத்தில் இதை வரைபடத்திலேயே பார்க்கலாம். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் கால்கிரீட் என்னும் சுண்ணாம்புத் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் சிறிது நீர். 2003இல் லேஸ், வாட்ஸ், கூப்பர், ஹம்ஃப்ரீஸ் ஆகியோர் அந்தத் திட்டுகளின் குருட்டு நீர்வண்டுகளின் மரபணுவை ஒப்பிட்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு திட்டிலும் அதற்கே உரிய இனம், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வரை. கண்டம் வறண்டுகொண்டே போன காலத்தில், சுமார் 90 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, குளத்து வண்டுகள் வற்றாத நீரைத் தேடி ஆங்காங்கே கீழே இறங்கிவிட்டன; மேலே இருந்த மூதாதைகள் மறைந்தன. இன்று அங்கே அறியப்பட்ட குருட்டு நீர்வண்டுகள் சுமார் நூறு இனம்.

ஐரோப்பாவின் அடிநீரில் இதே கதையின் நாயகன் நிஃபார்கஸ் என்ற வெளிறிய சிற்றிறால். இந்த ஒரே பேரினத்தில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. முன்பு ஐரோப்பாவின் பாதியை அடைத்துப் பரவியதாக நம்பப்பட்ட சில இனங்களின் டிஎன்ஏவைப் படித்தபோது, ஒரே தோற்றத்துக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பது தெரியவந்தது. இருட்டில் எல்லா வம்சமும் ஒரே வடிவத்தை நோக்கி, அதாவது நீண்ட உணர்கொம்பு, நீண்ட கால், வெளிறிய உடல், கண்ணின்மை என்று மாறுவதால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். உண்மையில் 200 கிலோமீட்டருக்கு மேல் பரவிய அடிநீர்வாழி இனம் அரிது.

கேரளத்துச் சிவப்பு மீனுக்கும் இது பொருந்தும். ஹோராகிளானிஸ் பேரினத்தில் இன்று நான்கு இனங்கள். தோற்றத்தில் அவற்றைப் பிரிப்பது கடினம், மரபணுவில் பெரும் வேறுபாடு. நான்காவதான ஹோராகிளானிஸ் போப்பூலி என்ற பெயரில் உள்ள இலத்தீன் சொல் பொதுமக்களைக் குறிக்கிறது. காரணம், அந்த ஆய்வுக்கு மீன்களைக் கொடுத்தவர்கள் கிணற்றைத் தூர்வாரும்போதும் தொட்டி கழுவும்போதும் கண்டெடுத்த ஊர்மக்கள். அவர்களால் 47 புதிய இடங்கள் பதிவாயின. அயிரை மீனின் உறவான பாஞ்சியோ புஜியாவும் இப்படித்தான் 2019இல் கோழிக்கோடு மாவட்டக் கிணறு ஒன்றிலிருந்து வந்தது. மூன்று சென்டிமீட்டருக்குள் நீளம், நூலளவு தடிமன். முதுகுத் துடுப்பு கிடையாது. ஓமப்பொடி போன்ற வட இந்திய நொறுக்குத்தீனியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். 2022இல் வந்த அதன் உறவுக்குப் பெயர் பாஞ்சியோ பாதாளா. குருடான சேற்று விலாங்குகளும், கிரிப்டோகிளானிஸ் என்ற விசித்திர மண்டையோட்டுக் கெளுத்தியும் அதே நீரடுக்கில் உண்டு. சுண்ணாம்புக் குகைகளே நிலத்தடி மீன்களின் வீடு என்ற பாடநூல் கருத்துக்கு இந்தச் செம்பூராங்கல் ஒரு மறுப்பு.

நிலத்தடி புதிய இனங்களை உண்டாக்குவதோடு நிற்கவில்லை. மேலே அழிந்துபோனவற்றைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறது. வெயில், வறட்சி, பனியுகம், புதிய பகைவர் என்று மேலே நடப்பவை கீழே மெல்லத்தான் எட்டும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள வயலொன்றில் தென்பட்ட பாம்பு போன்ற மீனின் படம் சமூக ஊடகத்தில் சுற்றியது. 2019இல் அது ஈனிக்மாசன்னா கோலம் என்று பெயர் பெற்றது. கோலம் என்பது டோல்கீன் கதையில் பாதாளத்தில் திரியும் பாத்திரம். அதே ஆண்டில் கண்டறியப்பட்ட அதன் உறவுக்கு மாவேலி மன்னனை நினைந்து மகாபலி என்று பெயர். இவை விராலின் தூரத்து உறவு. எவ்வளவு தூரம் என்றால், இரண்டின் வம்சமும் பிரிந்தது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு என்று மரபணுக் கணக்கு காட்டியதால், 2020இல் அவற்றுக்குத் தனிக் குடும்பமே ஏற்படுத்த வேண்டியிருந்தது.

போஸ்தோய்னாவை உள்ளடக்கிய தினாரிக் சுண்ணாம்பு மலைகளின் அடிநீரில் வாழும் காஞ்சீரியா என்ற சிப்பியும் இத்தகைய எச்சம். அதன் கூட்டத்தின் புதைபடிவங்கள் தொல் ஏரிப் படிவுகளில் நிறையக் கிடைக்க, உயிருள்ள இனங்கள் அம்மலைகளில் மட்டுமே. ரெமிபீடியா என்ற ஓட்டுயிர் வகுப்பு இன்னும் தனி. 1979இல் ஜில் யேகர் பஹாமாஸ் தீவின் லூக்கேயன் குகையில், நன்னீரின் கீழ் கடல்நீர் தேங்கிய ஆழத்தில், பூரானைப் போல வரிசைக் கால்களால் மல்லாந்து நீந்தும் கண்ணற்ற விலங்கைக் கண்டார். உயிரியலாளர் அதுவரை அறியாத ஒரு முழு வகுப்பு அது. கொடுக்கில் நஞ்சு உண்டென்று 2013இல் தெரியவந்தது. ஐஸ்லாந்தின் அடிநீரில் 2004இலும் 2006இலும் விவரிக்கப்பட்ட இரண்டு சிற்றிறால்கள் வேறெங்கும் இல்லை. தீவு முழுவதையும் பனிப்பாளம் மூடியிருந்த காலத்தை அவை அந்தப் பனியின் அடியிலேயே கழித்திருக்க வேண்டும். ஆழத்துக்கும் எல்லை குறைவு. 2011இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் 1.3 கிலோமீட்டர் ஆழத்துப் பாறைப் பிளவு நீரில் அரை மில்லிமீட்டர் உருளைப்புழு ஒன்று உயிரோடு கிடைத்தது.

இவற்றைத் தேடும் கருவிகள் பெரும்பாலும் எளியவை. ஆழ்துளைக் கிணற்றில் மெல்லிய கண்ணிகொண்ட கூம்பு வலையை அடிவரை இறக்கி, குலுக்கி, மெதுவாக ஏற்றுவார்கள். ஆற்றுப்படுகையில் துளையிட்ட இரும்புக் குழாயை அடித்து இறக்கி அடிப்பம்பால் நீரை இழுத்து வடிகட்டும் முறையை 1967இல் பூவும் ரூஷும் கொண்டுவந்தார்கள். நீரில்லாத பாறைத் துளைக்குள் ஈரச் சருகு நிரப்பிய பொறியைத் தொங்கவிட்டுச் சில வாரம் கழித்து எடுப்பார்கள். அண்மையில் சேர்ந்தது டிஎன்ஏ முறை. விலங்குகளின் சளி, தோல் துணுக்கு வழியாக டிஎன்ஏ நீரில் கலக்கும். ஊற்றில் ஒரு குப்பி நீர் எடுத்து அதைத் தேடினால் போதும். ஸ்லோவேனிய ஆய்வாளர்கள் 2017இல் இப்படிப் புரோட்டியஸைக் கண்ணால் பார்க்காமலேயே புதிய இடங்களில் கண்டறிந்தார்கள்.

மணல்துகள்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைச் சிற்றுயிர்கள் சுரண்டித் தின்பதால் நீர் செல்லும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றன. நாம் குடிக்கும் கிணற்று நீருக்கு அவற்றின் பங்கு உண்டு. ஆனால் பத்தாண்டுக்கு ஒரு முறை ஈனும் விலங்கு ஒரு முறை அழிந்தால் எளிதில் மீளாது. நீர்மட்டம் இறங்கினால் அதன் வாழிடமே வறளும். கேரளத்தில் செம்பூராங்கல் வெட்டியெடுப்பதும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகுவதும் ஆய்வாளர்கள் சுட்டும் முதன்மைக் கேடுகள். ஒரே பாறைத்திட்டில் மட்டும் வாழும் இனத்துக்குத் திட்டு போனால் எல்லாம் போயிற்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கம் தோண்டும்முன் நிலத்தடி விலங்குகளைத் தேடிப் பார்ப்பது நடைமுறையாகிவிட்டது. 2007இல் பில்பரா வட்டாரத்தின் மேசா ஏ என்ற இரும்புத்தாதுக் குன்றுக்கு இசைவு தர வேண்டாம் என்று அம்மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் பரிந்துரைத்தது. குன்றின் துளைகளில் வாழும், சில மில்லிமீட்டரே நீளமுள்ள, தேளுக்கும் சிலந்திக்கும் உறவான ஒரு குகைவாழிதான் காரணம். மேல்முறையீட்டுக்குப் பின், குன்றின் ஒரு பகுதியைத் தொடாமல் விடும்படி திட்டம் மாற்றப்பட்டே சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்தது.